இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபதில் ஒரு பங்கு

கண்டி நகரைச் சூழ்ந்துள்ள யட்டிநுவர, உடுநுவர, ஹாரிஸ்பத்துவ, தும்பறை முதலிய பழம்பகுதிகளிலே, மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி, ஓடைநீரை மேல்வரம்பிலிருந்து கீழ்வரம்புக்கு இறக்கி, பல நூற்றாண்டுகளாக நெல் விளைவித்து வந்த வயற்காணிகளின் உறுதிகளை நிதானமாக வாசிக்கும் பொறுமை உடையவர்கள், அவற்றில் மண்ணைப் பற்றிய செய்தியைக் காட்டிலும் கணிதத்தைப் பற்றிய செய்தியே மிகுதியாக இருப்பதைக் காண்பார்கள். காணியின் நான்கெல்லை சில வரிகளில் முடிந்துபோகும். விற்பவருக்கு அதில் உள்ள பாத்தியதை எத்தனையில் எத்தனை பங்கு என்பதும், அந்தப் பங்கு தகப்பன் வழியாக எவ்வளவு, தாய் வழியாக எவ்வளவு, உடன்பிறந்தார் மரணத்தினால் எவ்வளவு வந்தது என்பதும் நீண்ட வாசகங்களாக விரியும். நிலம் அப்படியே கிடக்கிறது. ஒருவரும் வேலி போட்டுத் துண்டாடவில்லை. ஆயினும் காகிதத்தின் மேல் அது ஆறாகவும் நாற்பத்திரண்டாகவும் நூற்றிருபதாகவும் சிதறிக் கிடக்கிறது.

துண்டாடாமலே பங்கிட்டு அனுபவிப்பதற்குச் சிங்களக் கிராமத்தார் கண்ட உபாயம் தட்டுமாறு எனப்படும். ஒரு வயலுக்கு இரண்டு சகோதரர் உரியவரானால், இவ்வாண்டு மூத்தவர் முழு வயலையும் விதைப்பார். அடுத்த ஆண்டு இளையவர் விதைப்பார். மூத்தவர் மூன்று மக்களை விட்டு இறந்தால், அவருடைய முறை வரும் ஆண்டுகளை அம்மூவரும் தமக்குள் மாற்றிக்கொள்வார்கள். ஆகவே அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஆறாண்டுக்கு ஒரு முறை வயல் வரும். அம்மூவரில் ஒருவருக்கு ஏழு பிள்ளைகள் பிறந்துவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு நாற்பத்திரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் வயல் கிடைக்கும். இருபது வயதில் ஒரு தரம் ஏர் பிடித்தவன், மறுதரம் பிடிப்பதற்கு அறுபத்திரண்டு வயதுவரை உயிரோடிருக்க வேண்டும். கூட்டலைப் போலன்றிப் பெருக்கல் எத்துணை வேகமாக மனிதனை விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இந்தப் பெருக்கத்தைத் தடுக்கும் வழிகளையும் மலைநாட்டார் அறியாதவர் அல்லர். தகப்பன் வீட்டை விட்டுக் கணவன் வீட்டுக்குச் சென்று வாழும் 'தீக' விவாகம் செய்த மகள் தகப்பனுடைய காணியில் உரிமை இழப்பாள் என்பதும், கணவனைத் தன் வீட்டுக்கு வருவித்துக்கொள்ளும் 'பின்ன' விவாகத்தில் அவள் உரிமை நிலைக்கும் என்பதும் கண்டிச் சட்டத்தின் பிரசித்தமான விதிகள். சகோதரர் பலர் ஒரே மனைவியோடு ஒரே வீட்டில் வாழும் வழக்கமும் முற்காலத்தில் இருந்தது; அதற்குக் கூறப்படும் காரணங்களுள் காணி சிதறாமல் காப்பதும் ஒன்று. 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் ஆங்கில அரசாங்கம் அந்த வழக்கத்தைச் சட்டவிரோதமாக்கிற்று. அரசாங்கத்தார் அதை ஒழுக்கப் பிரச்சினையாகவே கண்டார்கள். அதனுள் ஒரு பின்னக் கணக்கும் ஒளிந்திருந்தது என்பது அவர்கள் கவனத்திற்கு வந்ததாகத் தோன்றவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1863இல், பாகப்பிரிவினைக் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டி வந்தது. அது 1951இலும் 1977இலும் புதுச்சட்டங்களாக மாறி, இன்றும் நீதிமன்றங்களுக்கு ஓயாத வேலை கொடுத்து வருகிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் கண்டியை அடுத்த பாத்ததும்பறைக் கிராமங்களை ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட நூலுக்குச் 'சிதையும் கிராமம்' என்ற பொருள்படும் பெயரையே வைத்தார்கள்.

1859இலேயே, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்து திரும்பிய சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் இந்நாட்டைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலை லண்டனில் வெளியிட்டார். வழக்காடுவதில் இந்நாட்டாருக்குள்ள ஆர்வத்தைச் சொல்லவந்த இடத்திலே, பத்துத் தென்னை மரங்களில் 2520இல் ஒரு பங்குக்கு உரிமை கோரித் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கை அவர் குறிப்பிடுகிறார். தென்னை கரையோரத்துச் செல்வமாதலால் அதை மலைநாட்டு வழக்கென்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பங்கு பெருகும் முறை எங்கும் ஒன்றே. பத்து மரங்களில் 2520இல் ஒரு பங்கு என்றால் ஒரு மரத்தில் 252இல் ஒரு பங்கு. வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள், டெனன்றும் சிரிப்பதற்காகவே எழுதினார். எனக்கோ அந்த வழக்கில் சிரிப்பைவிட ஆச்சரியமே மேலோங்குகிறது. ஏனெனில் வாதியின் பங்குக்குக் கீழே அமர்ந்திருந்த 2520 என்ற அந்த எண், எண்களின் உலகத்திலே மிகவும் உயர்குடிப் பிறந்த எண்களில் ஒன்று.

அந்த உயர்குடிப் பிறப்பு எதில் உள்ளது என்பதைச் சொல்ல வேண்டும். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். 2520ஐ 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களும் மீதியின்றி வகுக்கும்; அப்படி வகுபடும் எண்களில் மிகச் சிறியதும் அதுவே. அதனை முதன்மை எண்களாகப் பிரித்தால் 2 மூன்று தடவையும், 3 இரண்டு தடவையும், 5உம் 7உம் ஒவ்வொரு தடவையும் வரும். காரணிகளை எண்ணுவதற்கு ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு காரணியை அமைக்கும்போது 2ஐ ஒரு தடவையும் எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று தடவை எடுக்கலாம். ஆக நான்கு வழி. அவ்வாறே 3க்கு மூன்று வழி, 5க்கு இரண்டு, 7க்கு இரண்டு. நான்கையும் மூன்றையும் இரண்டையும் இரண்டையும் பெருக்கினால் 48. 2520க்கு நாற்பத்தெட்டுக் காரணிகள். அதற்கு முந்திய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. அதன் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தாலோ, 2519க்கு நான்கே காரணிகள், 2521 தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் வகுபடாத முதன்மை எண். 2520ஐ ஒட்டிய எண்களுக்குச் சராசரியாக ஒன்பது காரணிகள் இருக்கும் என்பது கணிதரின் கணக்கு.

இத்தகைய எண் ஒரு பங்குக் கணக்கில் தோன்றுவது தற்செயல் அன்று. ஒருவருக்கு ஐந்து மக்கள், அவர்களில் ஒருவருக்கு ஏழு, அடுத்த தலைமுறையில் எட்டு, அதற்கடுத்து ஒன்பது என்று வந்தால் பெருக்குத்தொகை சரியாக 2520. குடும்பங்கள் சிறிய எண்களாலேயே பெருகுகின்றன; பதினேழு பிள்ளைகளோ இருபத்து மூன்று பிள்ளைகளோ பெறுவார் அரியர். சிறிய எண்களையே மீண்டும் மீண்டும் பெருக்கிக் கிடைக்கும் எண், இயல்பாகவே காரணி மிகுந்த எண்ணாகத்தான் இருக்கும்.

பங்கிடுதல் மனித வாழ்வின் ஆதித் தொழில்களில் ஒன்றாகையால், பழைய அளவைகளை வகுத்தவர்கள் காரணி மிகுந்த எண்களையே நாடியிருக்கிறார்கள். நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தோம். 60க்குப் பன்னிரண்டு காரணிகள், அதைவிடச் சிறிய எதற்கும் அத்தனை இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இங்கு வழங்கிய றிக்ஸ்டொலர் நாணயம் 48 ஸ்டைவர் கொண்டது. பின்னர் வந்த பவுண் 240 பென்ஸ். 48, 240 இரண்டும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. 1872ஆம் ஆண்டு இலங்கை ரூபாயை நூறு சதமாக்கியபோது கூட்டல் எளிதாயிற்று, பங்கிடுதல் கெட்டது: 240க்கு இருபது காரணிகள், நூற்றுக்கு ஒன்பதே. மூன்று பேருக்கு ஒரு ரூபாயைச் சமமாகப் பிரித்துக் கொடுக்க அன்று முதல் இந்நாட்டில் எவராலும் இயலவில்லை. கண்டி நாட்டு வயலளவையில் ஓர் அமுணம் நான்கு பேலவும், ஒரு பேல பத்து லாகவும் ஆகும். நாற்பது லாக கொண்ட அமுணத்தை மூன்று பங்காக்கப் புகுந்தால் அங்கும் இதே இடர்ப்பாடு. நாற்பத்தெட்டாக வைத்திருந்தார்களானால் எத்தனையோ சண்டைகள் தீர்ந்திருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் காணிச் சண்டைகள் மீதியினால் மட்டும் விளைபவை அல்ல.

கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலில் ஒரு நகரத்தைக் கற்பனை செய்து, அதன் நிலத்தை 5040 பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குடும்பத்தை உரியதாக்கினார். 5040 என்பது 2520இன் இரட்டிப்பு; அறுபது காரணிகள் உடையது; 2520க்குப் பின் அதனை மிஞ்சிக் காரணி பெற்ற முதல் எண். வரி விதிக்கவும் படை திரட்டவும் நிலத்தைப் பகுக்கவும் இவ்வெண் வசதியானது என்பது அவர் சொல்லும் காரணம். ஒன்று முதல் பன்னிரண்டுவரை உள்ளவற்றில் பதினொன்றால் மட்டும் வகுபடாது, அதற்கும் இரண்டு குடும்பத்தைக் கழித்துவிட்டால் வகுபடும் என்று அவர் நுணுக்கம் காட்டுகிறார். ஆனால் அவர் விதித்த நிபந்தனையைப் பாருங்கள்: ஒவ்வொரு பங்கும் ஒரே ஒரு மகனுக்கே செல்ல வேண்டும், பங்குகளின் தொகை என்றென்றும் 5040ஆகவே நிற்க வேண்டும். பிளேட்டோவின் நகரத்தில் எண் நிலைத்தது, பிள்ளைகள் வெளியேறினார்கள். தும்பறையிலே பிள்ளைகள் நிலைத்தார்கள், எண் ஓடிற்று. இரண்டில் எது மனிதத்தன்மை மிக்கது என்று கேட்டால், எனக்குத் தும்பறையின் பக்கமே சாயத் தோன்றும்.

எண்களுக்குள் இவ்வாறு தமக்கு முந்திய எல்லாவற்றையும் காரணித் தொகையில் வெல்லும் எண்களைத் தனிக்குலமாக எடுத்து முறையாக ஆராய்ந்தவர், ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். 1914 மார்ச் மாதத்தில் சென்னையிலிருந்து கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டிலேயே லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இவ்வெண்களைப் பற்றி அறுபது பக்கத்திற்கு மேற்பட்ட நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அக்கட்டுரையே 1916 மார்ச்சில் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் தந்தது. தமிழில் இவற்றைப் பெரும்பகு எண்கள் என்று சொல்லிக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி இந்தக் கட்டுரையைக் கணிதப் பெருநதியின் உப்பங்கழி போன்றதொரு விஷயம் என்றும், ஆனால் அதில் சமனின்மைகளை ஆளும் அபாரமான வன்மை புலப்படுகிறது என்றும் கருதினார். அந்த வன்மையின் ஒரு சிறு மாதிரியை எவரும் புரிந்துகொள்ளலாம். ஒரு பெரும்பகு எண்ணில் 7 வந்து 5 வராமலிருக்க முடியாது. இருந்தால் 7ஐ நீக்கி 5ஐ வைக்க, காரணித் தொகை மாறாமலே எண் சிறுத்துவிடும். பிறகு முன்னது எப்படி முந்திய எல்லாவற்றையும் வெல்லும்? ஆகவே முதன்மை எண்கள் இடைவெளியின்றி வரிசையாக வர வேண்டும். 2 எத்தனை தடவையோ அதற்கு மிகாமல் 3, அதற்கு மிகாமல் 5 என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். அந்த வரிசையின் இறுதி முதன்மை எண் ஒரே தடவைதான் வரும், 4, 36 என்ற இரண்டில் மட்டுமே விதிவிலக்கு என்று ராமானுஜன் நிறுவினார். கோடானுகோடி எண்களுக்கு இடையிலே விதிவிலக்கு இரண்டே இரண்டு என்று அறுதியிட்டுச் சொல்வது சாமானிய மனத்துக்குச் சாத்தியமன்று.

கட்டுரையில் ஓர் அட்டவணையும் உண்டு. கணிப்பொறி என்ற பேச்சே இல்லாத காலத்தில், சிறிய எண்களில் தொடங்கிப் பெரும்பகு எண்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி, 6,746,328,388,800 வரை கொண்டுபோய் நிறுத்துகிறார். ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இதற்குப் பத்தாயிரத்து எண்பது காரணிகள். இத்தனை தூரம் நடந்தவர் வழியில் ஒன்றே ஒன்றைத் தவறவிட்டார். அது 293,318,625,600, அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

தவறவிட்ட இந்த எண்ணைத்தான் சற்று நின்று நோக்க வேண்டும். அதில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. முன்சொன்ன முறைப்படி ஏழையும் ஐந்தையும் மூன்றையும் மூன்றையும் பெருக்கி, நான்கு இரண்டுகளையும் சேர்த்துப் பெருக்கினால் 5040. பிளேட்டோ தம் நகரத்துக்குத் தேர்ந்த அதே தொகை! இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரிக் காரணித் தொகை இருபத்தெட்டை எட்டுவதில்லை. அவ்விடத்தில் ஐயாயிரத்து நாற்பது. ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். இதனை வகுக்காத முதல் எண் 23. டெனன்றின் 2520ஆலும் வகுபடும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை, ஈவு 116,396,280.

இன்னொரு விந்தை. இதனை வகுக்க மறுத்த அந்த 23ஐக் கொண்டே இதனைப் பெருக்கிப் பாருங்கள், வருவது 6,746,328,388,800. ராமானுஜன் தம் அட்டவணையின் கடைசியில் எழுதிய எண்ணில் இருபத்து மூன்றில் ஒரு பங்குதான் அவர் எழுதாமல் விட்ட எண்! பெரியதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவருக்கு, அதிலிருந்து ஒரே ஒரு முதன்மை எண்ணைக் கழற்றினால் சிறியது கிடைத்திருக்கும்.

எங்கே நழுவிற்று என்பதை அதன் இருபுறத்து அயலாரைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு முன்னது 240,940,299,600, காரணிகள் 4800. பின்னது 321,253,732,800; காரணிகள் 5376. இரண்டிலும் முதன்மை வரிசை 23 வரை போகிறது, 7 ஒரே தடவை வருகிறது. நடுவிலுள்ளதிலோ வரிசை ஒரு படி பின்வாங்கி 19இல் நின்றுவிடுகிறது. அதற்கு ஈடாக 7 இரண்டு தடவை வருகிறது. முன்னேறிச் செல்லும் வரிசையில் ஒருவர் மட்டும் பின்வாங்கி நின்றால் எண்ணுபவரின் கண் அவரைத் தாண்டிச் செல்வது இயல்பு. 4800க்கு அடுத்து 5376 என்று அட்டவணையில் வாசிப்பவருக்கும் இடையில் ஒரு பள்ளம் இருப்பது புலப்படாது, ஏனெனில் காரணித் தொகைகள் சீரான படிகளில் ஏறுவதில்லை. மேலும் பின்னதாகிய 321,253,732,800, பெரும்பகு எண்களுக்குள்ளும் விசேஷமானவை என்று ராமானுஜன் வேறு பிரித்த உயர்வகையைச் சேர்ந்தது. அரசனுக்கு முன்னால் நடந்தவர் கவனிக்கப்படாமற் போனார் போலும். இது என் ஊகமே. ஆனால் அந்த அட்டவணையில் தவறு இருக்கிறது என்பதைவிட, தவறு ஒன்றே ஒன்றுதான் என்பதே எனக்கு நம்ப முடியாததாக இருக்கிறது.

1915இல் அச்சேறியது ராமானுஜன் எழுதிய முழுக்கட்டுரை அன்று. சங்கத்தின் பணமுடை காரணமாகப் பிற்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அது 1988இல் அவருடைய 'தொலைந்த குறிப்பேட்டோடு' நிழற்படப் பதிப்பாக வெளிவந்து, 1997இல் ஜான் லூயி நிக்கோலா, கீ ரொபான் என்ற இரு பிரெஞ்சுக் கணிதர்களின் விளக்கங்களோடு முறையாகப் பதிப்பிக்கப்பட்டது. காரணிகள் எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாமல், அவற்றையெல்லாம் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்றும் அந்தப் பகுதியில் அவர் ஆராய்ந்திருந்தார். ஜெர்மானியக் கணிதர் ரீமன் முதன்மை எண்களைப் பற்றி வெளியிட்டு இன்றுவரை எவராலும் நிறுவப்படாதிருக்கும் கருதுகோளை உண்மையென்று வைத்துக்கொண்டு, அத்தொகைக்கு ஒரு மேல்வரம்பு கட்டியிருந்தார். ரீமன் அதை வெளியிட்ட ஆண்டு 1859. கண்டி விவாகச் சட்டமும் டெனன்றின் நூலும் வெளிவந்த அதே ஆண்டு.

ராமானுஜனின் பிற்பகுதியைப் பதிப்பித்த ரொபான், அதற்கு முன்பே 1984இல் ஓர் அரிய முடிவை நிறுவியிருந்தார். எண்ணின் அளவைக் கொண்டு கணிக்கப்படும் ஒரு குறித்த வரம்பை அதன் காரணிகளின் கூட்டுத்தொகை எட்டக்கூடாது; 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அவ்வரம்பை எட்டவில்லையென்றால் ரீமன் கருதுகோள் உண்மை; ஒன்றே ஒன்று எட்டிவிட்டாலும் அது பொய். 5040க்கு உட்பட்ட சில எண்கள் அவ்வரம்பை மீறுகின்றன. 2520 மீறுகிறது, 5040உம் மீறுகிறது. அதற்கப்பால் மீறிய எண் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அப்படி ஒன்று எங்கேனும் இருக்குமானால், அவற்றுள் மிகச் சிறியது, தன் அளவுக்கு ஒப்பிட்டால் காரணிகளின் கூட்டுத்தொகையில் முந்திய எல்லாவற்றையும் வெல்லும் எண்களில், அதாவது ராமானுஜனின் எண்களுக்கு நெருங்கிய தாயாதிகளாகிய ஒரு குலத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று 2009இல் நிறுவப்பட்டது. ஆகவே அதைத் தேடுகிறவர்கள் எல்லா எண்களையும் துருவிப் பார்ப்பதில்லை. சிறிய முதன்மை எண்களை மீண்டும் மீண்டும் பெருக்கி வரும், காரணி மிகுந்த, அரிதான அந்த எண்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகிறார்கள்.